டென்ட்டுக்குள் விடிகாலை மூன்று மணி

கொடைக்கானலைத் தாண்டிப் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் டிசம்பரில் டென்ட் போடுகிறவர்களை மாலை ஆறு மணிக்குக் கேளுங்கள். எல்லோருக்கும் கேம்பிங் பிடிக்கும். கையில் டீ இருக்கிறது, மலை மேல் வெயில் இறங்குகிறது, ஃபோட்டோவும் எடுத்தாயிற்று. அதே ஆட்களை விடிகாலை மூன்று மணிக்குத் தேடினால் பாதிப் பேர் காருக்குள் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கேம்பிங் பிடிப்பதையும் பிடிக்காததையும் ஆளின் குணமாகவே பேசிப் பழகிவிட்டோம். "அவன் அட்வெஞ்சர் டைப்", "அவளுக்கு கெய்சர் இல்லாட்டி முடியாது" என்று. இந்தப் பேச்சில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. பிடிக்காது என்கிறவரிடம் கொஞ்சம் துருவினால் பெரும்பாலும் ஒரே ஒரு இரவு வெளியே வரும். அன்றைக்கு முதுகு விறைத்திருக்கும், மேலேயிருந்து சொட்டியிருக்கும், சரிவில் பக்கத்து ஆள் மேல் உருண்டிருப்பார், பாத்ரூம் போகப் பயந்து அடக்கிக்கொண்டு கிடந்திருப்பார். நாலுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. நாலையும் சரிசெய்துவிடலாம். அதற்குப் பிறகும் ஒருவர் "வேண்டாம்ப்பா" என்றால் அவருடைய காரணங்கள் வேறு. அவற்றில் சில ரொம்ப நியாயமானவை. அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் குளிர். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். மதுரையில் இரவு 21 டிகிரி என்றால் 2,000 மீட்டர் உயரத்தில் எட்டு, ஒன்பது. வானம் மேகமில்லாமல் தெளிந்திருந்தால் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு இன்னும் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். நீலகிரியில் ஜனவரி காலையில் பள்ளத்துப் புல்வெளி வெள்ளையாக உறைந்திருக்க, அதே நேரத்தில் மேட்டிலிருக்கும் தேயிலை பச்சையாக நிற்பது இதனால்தான். ஓடைக்கரையோரம் பச்சைப்பசேலென்று சமதளமாக ஓர் இடம் தெரியும். ஃபோட்டோவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, தூங்குவதற்கு அதைவிட மோசமான இடமும் கிடையாது. பதினைந்து இருபது மீட்டர் மேலே ஏறிப் போட்டால் சில டிகிரி வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இடம் சரியாக இருந்தும் குளிர்ந்தால் ஆட்கள் போர்வையைக் குறை சொல்வார்கள். குற்றவாளி அடியில் இருக்கிறது. ஸ்லீப்பிங் பேக் சூடு தருவதில்லை; பஞ்சுக்கு நடுவில் அகப்பட்டிருக்கும் காற்றைக் கொண்டு நம் சூட்டைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். நாம் படுத்ததும் முதுகுக்குக் கீழே இருக்கும் பஞ்சு நசுங்கிவிடுகிறது. காற்று போய்விட்டால் அது வெறும் துணி. அப்புறம் முதுகுக்கும் தரைக்கும் நடுவில் இருப்பது அடியில் விரிக்கும் மேட் ஒன்றுதான்.

மேட்டின் குளிர்த் தடுப்புத் திறனுக்கு ஆர்-வேல்யூ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். மூடிய நுண்ணறை ஃபோமில் செய்த நல்ல மேட்டுக்கு 2 வரை வரும். காற்றடைத்து உள்ளே தடுப்புப் படலமும் வைத்த மேட்டுக்கு 3, 4 என்று ஏறும். இந்த எண்களைக் கூட்டலாம். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் இரண்டும் சேரும். நம் மலைகளின் குளிர்கால இரவுக்கு 2-க்குக் குறைந்தால் அவதிதான், 3 இருந்தால் நிம்மதி. இதில் பலர் ஏமாறுவது ஒரு சாணுக்கு மேல் தடித்த, உள்ளே ஒன்றுமே இல்லாத ஊதும் மெத்தையில். பார்க்க ராஜா மெத்தை. ஆனால் உள்ளே காற்று சுழன்றுகொண்டே இருக்கும். முதுகில் சூடேறிய காற்று நகர்ந்து தரையில் குளிர்ந்து மறுபடி முதுகுக்கே வரும். ஒரு சென்டிமீட்டர் ஃபோம் அதைவிடச் சூடாக இருக்கும். ஊதும் மெத்தை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா, அதன் மேல் ஒரு ஃபோம் ஷீட்டையோ மடித்த கம்பளியையோ விரியுங்கள். அடியில் விரிப்பதைவிட மேலே விரிப்பதே நல்லது.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது லேபிளில் பெரிதாக இருக்கும் எண்ணை நம்பக் கூடாது. ஐஎஸ்ஓ 23537 தரத்தின்படி சோதித்த பையில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று வெப்பநிலைகள் இருக்கும். கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் தளர்வாகப் படுத்துத் தூங்கக்கூடிய குளிர். லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் குறுகிச் சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய குளிர். எக்ஸ்ட்ரீம் என்றால் உயிர் தப்பலாம், தூக்கத்தைப் பற்றிப் பேச்சில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் பை வாங்கிவிட்டு, "எனக்குக் குளிரவே இல்லையே, உனக்கு மட்டும் என்ன" என்று கேட்கும் கணவர்கள் இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். அது நாலைந்து டிகிரி இருக்கும். எதிர்பார்க்கும் குளிரை கம்ஃபர்ட் எண்ணோடு மட்டும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

பை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் ஒப்பேற்ற வழி உண்டு. பகலெல்லாம் போட்டிருந்த பனியனையும் சாக்ஸையும் படுக்கும் முன் கழற்றிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத வியர்வை ஈரம்தான் முதல் எதிரி. தலைக்குக் குல்லா. ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டிலில் கொதிநீர் ஊற்றி, மூடி இறுகியிருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்து, ஒரு சாக்ஸுக்குள் நுழைத்துத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டால் நாலு மணி நேரம் தாங்கும். ஃபிளாஸ்க் மாதிரியான இரட்டைச் சுவர் பாட்டில் இதற்கு உதவாது, சூட்டை வெளியே விடாது. படுக்கும் முன் நாலு கடலை மிட்டாய் சாப்பிடுவதும் சும்மா சொல்வதில்லை. வயிற்றில் எரிய ஏதாவது இருந்தால் உடம்பு சூடு தரும்.

கரியடுப்பையோ கேஸ் அடுப்பையோ டென்ட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், ஐந்து நிமிடம்கூட. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, இருமல் வராது, தூக்கம்தான் வரும். இன்ஜினை ஓடவிட்டுக் காருக்குள் தூங்குவதற்கும் இதே எச்சரிக்கை.

அடுத்தது ஈரம். "டென்ட் ஒழுகுது" என்று திருப்பிக் கொடுக்கப்படும் டென்ட்டுகளில் பல ஒழுகியதே இல்லை. இரண்டு பேர் ஓர் இரவில் மூச்சிலும் தோலிலுமாக ஏறக்குறைய அரை லிட்டர் நீரை வெளியே விடுகிறோம். அது எங்கே போகும்? மலைக்கான டென்ட்டில் உள்துணி, வெளித்துணி என்று இரண்டு அடுக்கு இருக்கும். வெளித்துணியின் உட்புறம் குளிர்ந்திருக்கும். அங்கே போய் முத்து முத்தாக ஒட்டிக்கொள்ளும். காற்றடித்துத் துணி ஒருமுறை உதறினால் முகத்தில் தூறல். ஒழுகலையும் இதையும் பிரித்தறிவது எளிது. டார்ச் அடித்துப் பாருங்கள். உட்புறம் முழுக்க ஒரே சீராகப் பொடித் துளிகள் இருந்தால் அது உங்கள் மூச்சு. தையலோரத்தில் ஒரு கோடாகவோ, மூலையில் ஒரு புள்ளியிலிருந்தோ வழிந்தால் அதுதான் ஒழுகல். தையலுக்கு சீம் சீலர் என்ற அடைப்புப் பசையைத் தடவினால் தீரும்.

குளிருக்குப் பயந்து மேலே இருக்கும் காற்றுத் துவாரங்களையெல்லாம் இழுத்து மூடுவதுதான் இந்தத் தூறலுக்கு முக்கியக் காரணம். மழை பெய்தாலும் மேல் துவாரம் திறந்திருக்கட்டும். அதற்கு மேலே தொப்பி மாதிரி ஒரு மடிப்பு இருப்பதே அதற்குத்தான். வெளித்துணிக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விடுங்கள். கீழே குளிர்காற்று நுழைந்து மேலே ஈரக்காற்று வெளியேறும். பக்கவாட்டுக் கயிறுகளைச் சோம்பல்படாமல் கட்டி இழுத்தால் வெளித்துணி உள்துணியைத் தொடாது. தொட்ட இடத்தில் எல்லாம் ஈரம் ஊறி உள்ளே வரும். நனைந்த ரெயின்கோட்டும் ஷூவும் வெளித்தாழ்வாரத்தில்தான் இருக்க வேண்டும்.

ஒற்றைத் துணி டென்ட்டுகள் மலிவு. மொட்டை மாடிக்கு ஓகே. மலைக்கு வேண்டாம்.

அடியில் விரிக்கும் தார்ப்பாயிலும் ஒரு பிழை தொடர்ந்து நடக்கிறது. பெரிதாக இருந்தால் நல்லது என்று நாலு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரிப்பார்கள். மழைநீர் வெளித்துணியில் வழிந்து நேரே அந்தத் தார்ப்பாயில் விழுந்து, தேங்கி, டென்ட்டுக்கு அடியில் ஒரு தாம்பாளம் தண்ணீர் நிற்கும். தார்ப்பாய் டென்ட்டின் தரையைவிட எல்லாப் பக்கமும் ஒரு கையளவு சின்னதாக இருக்க வேண்டும். மிஞ்சியிருந்தால் உள்ளே மடித்துவிடுங்கள்.

ஆணி அடிப்பதில் ஒரு வரி: தலை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி 45 டிகிரியில் இறக்க வேண்டும், கயிறும் ஆணியும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்கட்டும். டென்ட்டோடு வரும் மெல்லிய கம்பி ஆணிகள் செம்மண்ணில் நிற்கும். சோலைக்காட்டு ஓரத்து மக்கிய மண்ணில் பிடுங்கிக்கொண்டு வரும். அங்கே வி வடிவ அலுமினிய ஆணி, அல்லது கயிற்றை ஒரு பெரிய கல்லில் சுற்றிக் கட்டுங்கள். காற்றில் துணி படபடவென்று அடிப்பது வெறும் சத்தம்தான், ஆனால் ஒருவரை விடிய விடிய விழிக்க வைக்க அது போதும்.

சரிவைக் கண்ணால் மதிப்பிட முடியாது. டென்ட்டை விரிக்கும் முன்னால் தார்ப்பாயை மட்டும் போட்டு அதில் ஐந்து நிமிடம் படுத்துப் பாருங்கள். கல், வேர், சரிவு மூன்றும் முதுகுக்குத் தெரிந்துவிடும். லேசான சரிவு இருந்தால் தலை மேட்டுப் பக்கம். பக்கவாட்டுச் சரிவில் படுக்கவே படுக்காதீர்கள். நைலான் பையும் நைலான் தரையும் சேர்ந்தால் சறுக்குமரம்தான். நிமிர்ந்து ஒருமுறை மேலேயும் பாருங்கள். யூகலிப்டஸ் காய்ந்த கிளைகளைச் சொல்லாமல் கொள்ளாமல் போடும் மரம், மேல்மலைகளிலும் நீலகிரியிலும் அது இல்லாத இடம் குறைவு. வறண்ட ஓடைத் தடத்தில் மணல் மெத்தென்று இருக்கும். ஐந்து கிலோமீட்டர் மேலே பெய்யும் மழை உங்களுக்குத் தெரியாது.

"4 பேர் டென்ட்" என்று பெட்டியில் எழுதியிருப்பது மீன்கூடைக் கணக்கு. ஆளுக்கு 55, 60 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்து எண்ணுகிறார்கள். வீட்டில் இரண்டு பேர் படுக்கும் கட்டிலே ஐந்தடி, ஆறடி அகலம். அதாவது ஆளுக்கு 75 முதல் 90 சென்டிமீட்டர். நாலு பேர் டென்ட்டில் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் பைகளும் என்றால் சரியாக இருக்கும். குறட்டை விடுகிறவர் இருந்தால் காது அடைப்பான் வாங்குங்கள். இருபது, முப்பது ரூபாய் ஃபோம் அடைப்பான் காப்பாற்றிய கேம்ப்கள் ஏராளம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் முதல் இரவு தூக்கம் சரியாக வராது. அது உங்கள் தப்பில்லை. புது இடத்தில் முதல் இரவில் மூளையின் ஒரு பாதி, மற்றப் பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்காமல் காவல் இருக்கிறது என்று பிரவுன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2016-ல் காட்டினார்கள். சின்னச் சத்தத்துக்கும் அந்தப் பாதி விழித்துக்கொள்ளும். சோதனைக்கூடத்து மெத்தையிலேயே இப்படியென்றால் காட்டோரத்தில் கேட்க வேண்டுமா? இரண்டாம் முறையில் இந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. நம் ஊரில் விற்கும் டென்ட் பேக்கேஜ்கள் பெரும்பாலும் ஒரு இரவு, இரண்டு பகல். அதாவது மோசமான இரவை மட்டும் வாங்கி, நல்ல இரவு வரும் முன்னால் இறங்கிவிடுகிறோம். முதல்முறை போகிறவர்களுக்கு என் ஒரே பிடிவாதமான யோசனை, ஒரே இடத்தில் இரண்டு இரவு. முடியாதென்றால் ஒரு இரவை வீட்டு மொட்டை மாடியில் அதே டென்ட்டில், அதே மேட்டில் படுத்துக் கழியுங்கள்.

இப்போது யாரும் வெளிப்படையாகச் சொல்லாத காரணம். கேம்பிங் பிடிக்காத பெண்களில் பலருக்கு உண்மையில் பிடிக்காதது கழிப்பறை விவகாரம். "பூச்சி இருக்கும்", "குளிரும்" என்று அதற்கு வேறு பெயர் வைத்துச் சொல்வார்கள். மாலை நாலு மணியிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு, ராத்திரி தலைவலியோடு படுத்து, ஊருக்கு வந்து சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை வாங்குவது அடிக்கடி நடக்கிறது. ஆகவே இடம் பிடிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி வியூ எப்படி என்பதில்லை. கழிப்பறை எத்தனை, எத்தனை பேருக்கு, டென்ட்டிலிருந்து எத்தனை அடி, வழியில் விளக்கு உண்டா, ராத்திரி தண்ணீர் வருமா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா. நாற்பது பேருக்கு இரண்டு என்றால் வேறு இடம் பாருங்கள்.

ஆளுக்கொரு நெற்றி விளக்கு கட்டாயம். ஃபோன் டார்ச் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும். ராத்திரியில் இரண்டு கையும் வேண்டும். நெற்றி விளக்கைப் படுக்கும் முன் எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். ஜிப்புக்குப் பக்கத்து மூலையில், எப்போதும் அதே மூலையில். செருப்பை வெளியே கழற்றினால் கவிழ்த்து வைத்து, போடும் முன் உதறுங்கள்.

கழிப்பறையே இல்லாத இடமென்றால் ஒரு களைக்கொத்து போதும். நீர்நிலையிலிருந்து அறுபது மீட்டர், அதாவது எண்பது தப்படியாவது தள்ளிப் போய், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி. அதற்கும் கீழே தோண்டினால் மக்க வைக்கும் உயிர்கள் குறைவு; மேலாக விட்டால் பன்றி கிளறிவிடும். தண்ணீர் பயன்படுத்தும் நமக்கு இங்கே ஒரு வசதி உண்டு. மேலைநாட்டு கேம்பிங் புத்தகங்கள் பக்கம் பக்கமாகக் கவலைப்படும் காகிதப் பிரச்சினை நமக்கு இல்லை. ஒரு லிட்டர் பாட்டில் மூடியில் சூடான ஊசியால் நாலைந்து துளை போட்டு அமுக்கினால் நல்ல கை ஷவர்; அரை லிட்டர் தண்ணீர் போதும். கழுவியதும் அதே குழிக்குள் போகட்டும், ஓடையில் கூடாது. நாப்கின்களைப் புதைக்காதீர்கள், விலங்குகள் தோண்டும். பேப்பரில் சுற்றி ஜிப் பையில் போட்டு ஊருக்குக் கொண்டுவர வேண்டியதுதான். நின்றபடியே சிறுநீர் கழிக்க உதவும் புனல் பெண்களுக்காகக் கிடைக்கிறது. அதை முதலில் வீட்டுக் குளியலறையில் நாலைந்து முறை பழகிவிட்டுத்தான் வெளியே எடுத்துப் போக வேண்டும்.

இன்னொரு காரணம் வேலைப் பங்கீடு. நாலு பேர் குடும்பம் ஒரு இரவு தங்க எவ்வளவு வேலை என்று எண்ணிப் பாருங்கள். சாமான் பட்டியல், மளிகை, மூட்டை கட்டல், தண்ணீர் சுமத்தல், சமையல், பாத்திரம், குழந்தைக்கு உடை மாற்றல், காலையில் மறுபடி டீ, டிபன், மூட்டை. இதில் டென்ட் அடிப்பதும் நெருப்பு மூட்டுவதும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும் வீர வேலைகள், அரை மணியில் முடியும். மீதி அத்தனையும் வீட்டு வேலையேதான், குழாயும் மிக்ஸியும் மேடையும் இல்லாமல். அதைச் செய்கிறவருக்கு இது விடுமுறை ஆகாது. "என் வீட்டுக்காரம்மாவுக்கு கேம்பிங் பிடிக்காது" என்பவர் அடுத்த முறை பாத்திரத்தையும் காலை டிபனையும் தான் எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

சமையலைக் குறைப்பது எப்படியும் நல்லது. முதல் ராத்திரிக்கு வீட்டிலிருந்தே கட்டுச்சோறு: புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். இருட்டில் வெங்காயம் நறுக்குவதில் எந்த இன்பமும் இல்லை. 2,000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. சோறு நேரம் பிடிக்கும், கேஸ் கரையும். இரண்டு லிட்டர் குக்கர் எடுத்துப் போங்கள், அல்லது ரவை, அவல், சேமியாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர், குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர். காலையில் அடுப்பு சோம்பி எரிந்தால் கேஸ் தீர்ந்துவிட்டதாக நினைத்து டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மலிவான டப்பாக்களில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன்; அது பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் ஆவியாகவே மறுக்கும். டப்பாவைப் பத்து நிமிடம் ஸ்வெட்டருக்குள் வைத்திருந்தால் மறுபடி எரியும். நெருப்பில் காட்டக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

இனி, எவ்வளவு சரிசெய்தாலும் தீராத காரணங்கள்.

கேம்பிங்கை வெறுப்பவர்கள் விலங்கு பற்றிப் பயந்தால் சிரிக்க ஒன்றுமில்லை. 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடிக்குப் பக்கத்தில் டென்ட்டில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை கொன்றது. கொடைக்கானலில் காட்டுமாடு ஊருக்குள்ளேயே நடக்கிறது, குன்னூர் கோத்தகிரிப் பக்கம் கரடி வீட்டுக் கதவை உடைக்கிறது. சாப்பாட்டையும் பேஸ்ட்டையும் சோப்பையும் டென்ட்டுக்குள் வைக்காமல் காரில் பூட்டி வைப்பது பாதி ஆபத்தைக் குறைக்கும். மீதிப் பாதி இடத் தேர்வில் இருக்கிறது. எஸ்டேட் ஓரம் எது, காட்டு எல்லை எது, யானை நடக்கும் தடம் எது என்று உள்ளூர்த் தொழிலாளர்களிடம் கேளுங்கள்; டென்ட் வாடகைக்கு விடுகிறவரிடம் கேட்டுப் பயனில்லை.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்குவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றம் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு தமிழ்நாட்டில் விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசே நாற்பது மலையேற்ற வழித்தடங்களை ஆன்லைன் பதிவோடு திறந்தது. ஆனால் நடக்கக் கிடைத்த அனுமதி, தங்கக் கிடைத்த அனுமதி ஆகாது.

பூச்சியிலும் கண்ணுக்குத் தெரிகிற அட்டை பெரிய விஷயமில்லை. ரத்தம் போகும், அரிக்கும், அவ்வளவுதான். உப்போ புகையிலைத் தண்ணீரோ தொட்டால் விழுந்துவிடும். நான் மதிக்கும் எதிரி கண்ணுக்குத் தெரியாத பூச்சி. புதரோரத்துப் புல்லில் இருக்கும் நுண் சிற்றுண்ணி கடித்தால் ஸ்க்ரப் டைஃபஸ் வரலாம். தமிழ்நாட்டில் அது அரிதான நோய் இல்லை. கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி. சிலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கும், பெரும்பாலும் அக்குளிலோ தொடையிடுக்கிலோ, அதனால் கவனத்துக்கு வராது. டாக்ஸிசைக்ளின் ஆரம்பத்திலேயே கொடுத்தால் சட்டென்று அடங்கும், விட்டால் உள்ளுறுப்புகளைத் தாக்கும். டாக்டரிடம் "பத்து நாள் முன்னால் மலையில் டென்ட்டில் தங்கினேன்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்வது உங்கள் வேலை. புல்லில் வெறுமனே உட்காராதீர்கள், பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகுங்கள், துணிகளைச் செடி மேல் காயப் போடாதீர்கள்.

அப்புறம், டென்ட் என்ற பொருளே எல்லோருக்கும் ஒன்றைச் சொல்வதில்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகளுக்கு வெட்டவெளியில் கிடை போட்டு ஆடுகளோடு தூங்குவது பிழைப்பு. பொழுதுபோக்காக அதையே செய்ய அவர்களைக் கூப்பிட்டுப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஈழத் தமிழர்கள் பலருக்கு முகாம் என்ற சொல்லே, 2009-ல் போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்திருந்த மெனிக் ஃபார்மையும் அதன் வெள்ளைக் கூடாரங்களையும் கொண்டுவரும். அவர்களில் ஒருவர் பிள்ளைகளின் பள்ளி கேம்ப்புக்கு முகம் சுளித்தால் ஏன் என்று கேட்டு வற்புறுத்தக் கூடாது. எந்த மேட்டின் ஆர்-வேல்யூவும் அதைச் சரிசெய்யாது.

பிடித்தவர்களுக்கு ஏன் பிடிக்கிறது? "இயற்கை" என்று பொதுவாகச் சொல்வதில் எனக்குத் திருப்தி இல்லை. ஒரு பகுதி வெளிச்சம். கொலராடோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2013-ல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில் எட்டுப் பேரை ஒரு வாரம் மின்விளக்கே இல்லாமல் டென்ட்டில் தங்க வைத்தார்கள். உடம்புக் கடிகாரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னால் நகர்ந்து சூரியனோடு ஒட்டிக்கொண்டது. ராத்திரி ஒன்பதுக்குத் தானாகக் கண் சொருகுவதும் அலாரம் இல்லாமல் விடியலில் எழுவதும் அதனால்தான். அந்தத் தெளிவுக்கு ஏங்கியே சிலர் திரும்பத் திரும்பப் போகிறார்கள். இன்னொரு பகுதி, வேலைகளின் அளவு. கயிற்றை இழுத்தால் டென்ட் நிமிர்கிறது, தண்ணீர் கொதித்தால் டீ. ஆரம்பமும் முடிவும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடுகிற வேலைகள் ஆபீஸில் எத்தனை பேருக்குக் கிடைக்கின்றன? மெயிலுக்கு மெயில் அனுப்பி வாழ்கிறவர்களுக்கு இது போதை. நாள் முழுக்க வயலிலோ கட்டடத்திலோ கையால் வேலை செய்கிறவருக்கு இதில் என்ன புதுசு?

மொட்டை மாடியில் பாய் போட்டுத் தூங்கிய தலைமுறைக்கும், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து ரோட்டோரப் பந்தலில் துண்டை விரித்துப் படுக்கிறவர்களுக்கும் வெளியே தூங்குவது புதிதே இல்லை. பாதயாத்திரைக்காரர் யாரும் "எனக்கு கேம்பிங் பிடிக்கும்" என்று சொல்வதில்லை. நாற்பது கிலோமீட்டர் நடந்த உடம்புக்குக் கல் தரையிலும் தூக்கம் வரும். காரில் போய் இறங்கி, நாலு மணிக்கு பஜ்ஜி தின்று, எட்டு மணிக்கு டென்ட்டுக்குள் நுழைந்தால் வராது. கேம்ப் போடும் அன்று பகலில் எட்டுப் பத்து கிலோமீட்டராவது நடந்துவிடுங்கள். அடியில் விரிக்கும் மேட்டுக்கு அடுத்தபடியாக தூக்கத்துக்கு உதவுவது அதுதான்.

திரும்பி வந்த பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. பலருடைய இரண்டாவது கேம்ப் நடக்காமல் போவது இங்கேதான். காலையில் பனியில் நனைந்த டென்ட்டை அப்படியே சுருட்டிப் பையில் திணித்து, ஞாயிறு ராத்திரி பரணில் போட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் கறுப்புப் புள்ளிகளும் ஊறிய துணி நாற்றமும் வரும். உட்பூச்சு பிசுபிசுவென்று உரிந்து கையோடு வந்துவிடும். பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் சிதைந்தால் அப்படித்தான், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. வந்த அன்றே, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், கொடியில் நிழலாக இரண்டு மணி நேரம் தொங்கவிடுங்கள். மண்ணை வெறும் தண்ணீரில் ஈரத்துணியால் துடையுங்கள்; சோப்புத்தூள் பூச்சைத் தின்றுவிடும், வாஷிங் மெஷின் கூடவே கூடாது. ஜிப் பற்களில் இருக்கும் மண்ணைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். காய்ந்த பிறகு கம்பெனிப் பையில் இறுக்கித் திணிக்காமல், ஒரு பழைய தலையணை உறைக்குள் தளர்வாகப் போட்டுப் பீரோவுக்கு மேலே வையுங்கள். ஆணிகளை எண்ணிப் பாருங்கள். எப்படியும் ஒன்று குறையும்.